அரக்கில் பதிந்த குரல்கள்

1952-ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி இளைஞர்கள் சிலர், ‘ஃபைவ் ஷார்ப்ஸ்’ என்ற பெயரில் ஜூபிலி இசைத்தட்டுக் கம்பெனிக்கு ‘ஸ்டார்மி வெதர்’ பாட்டைப் பாடிக் கொடுத்தார்கள். பின்னணியில் இடியும் மழையும். முன்னால் அவசரமே இல்லாமல் இழையும் குரல்கள். தட்டு விற்கவில்லை. பல வருடம் கழித்து, 42ஆம் தெருச் சுரங்க ரயில் நிலையத்திலிருந்த டைம்ஸ் ஸ்கொயர் ரெக்கார்ட்ஸ் கடை அந்தத் தட்டைக் கொண்டுவந்தால் பணம் தருவதாக அறிவித்தது. சேகரிப்பாளர்கள் தேடித் தேடிக் கண்டெடுத்த பிரதிகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று விரிசல் விட்டது.

எந்த இசைத்தட்டானாலும் அதன் ஒரு பக்கத்தில் ஓடுவது ஒரே பள்ளம்தான், விளிம்பிலிருந்து நடுவரை. நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறிய தட்டை எடுத்துக்கொள்வோம். விளிம்போரத்தில் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் பள்ளம் ஊசியைக் கடந்து போகிறது. நொடிக்கு 400 முறை அதிரும் ஸ்வரத்தைப் பாடினால், ஒவ்வோர் அலையும் அங்கே ஒரு மில்லிமீட்டர் நீளம். நல்ல உருப்பெருக்கி இருந்தால் பாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம்!

நான்கு பேர் பாடினாலும் பள்ளம் நான்காகப் பிரிவதில்லை. கட்டைக்குரல் போடும் நீண்ட வளைவின் மேலேயே உச்சக்குரலின் நுண்ணிய நெளிவுகள் ஏறிக்கொள்கின்றன. அந்த ஒற்றைக் கோட்டிலிருந்து நான்கு பேரையும் நம் காது மறுபடி பிரித்தெடுத்துவிடுகிறது. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் தெரியவில்லை. தேயும்போது முதலில் போவது அந்த நுண்ணிய நெளிவுகள்தான். ஆனால் பழைய ஊசி பள்ளச் சுவரின் ஒரு மட்டத்தைத்தான் உரசித் தேய்த்திருக்கும். வேறு பருமனுள்ள ஊசியை வைத்தால் அது தேயாத மட்டத்தில் போகும். மங்கியிருந்த குரல் தெளிந்து வரும்.

விரிசலுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. 1949-ல் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 45 சுற்றுத் தட்டு வினைல், லேசில் உடையாது. ஃபைவ் ஷார்ப்ஸின் தட்டோ 78 சுற்று. அந்த வகைத் தட்டுகள் அரக்கும் கல்தூளும் கலந்து செய்தவை. கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். விரிசல் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும், அதாவது நொடிக்கு ஒரு தடவைக்கு மேல், ‘டக்’ என்று கேட்கும்.

கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் துகள் இயற்பியலாளர் கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபதேயெவும் ஊசியையே விட்டுவிட்டார்கள். துகள்களின் தடத்தை அளக்கும் நுட்பத்தைக் கொண்டு பள்ளத்தைப் படமெடுத்து, அதன் நெளிவைக் கணினியில் அளந்து ஒலியாக மாற்றினார்கள். ‘வீவர்ஸ்’ குழு 1950-ல் வெளியிட்ட ‘குட்நைட் ஐரீன்’ பாட்டை முதலில் இப்படி மீட்டதால் கருவிக்கும் ‘ஐரீன்’ என்றே பெயர். இந்த முறையில் தட்டு சுழன்று பாட வேண்டிய அவசியமே இல்லை. உடைந்த துண்டுகளைத் தனித்தனியே படமெடுத்து, பள்ளத்தின் தொடர்ச்சியைக் கணினியிலேயே சேர்த்துவிடலாம்.