ஒரு துளை வரைந்தால் போதும்

டிராயிங் போர்டு காலத்தில் பம்ப் ஃபிளேஞ்சுக்கு எட்டுத் துளை என்றால் எட்டையும் வரைந்தாக வேண்டும். கோணம் பிரித்து, வட்ட டெம்ப்ளேட்டை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொன்றாக. அடுத்த அளவு பம்ப் வந்தால் பழைய படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து, மாறாத கோடுகளை மையால் எடுத்துக்கொள்வார்கள். உழைப்பு மிச்சமாகும், ஆனால் எடுத்து முடித்ததுமே மூலத்துக்கும் நகலுக்கும் தொடர்பு அறுந்துவிடும். எம்16 போல்ட்டை எம்20 ஆக்கினால் 18 மி.மீ. துளை 22 ஆக வேண்டும். அந்த ஃபிளேஞ்ச் உள்ள தாள்களையெல்லாம் தேடி, பிளேடால் மையைச் சுரண்டித் திருத்த வேண்டும். ஒரு தாள் விட்டுப்போனால் பட்டறையில் போல்ட் நுழையாது.

அந்தத் தொடர்பை அறுக்காமலே வைக்க முடியும் என்று 1963-லேயே காட்டினார் ஐவன் சதர்லேண்ட். எம்.ஐ.டி.யில் அவர் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற கணினி வரைநிரலில் மூலப் படத்தைத் திருத்தினால் பிரதிகளும் கூடவே மாறின. முப்பரிமாண மாடலில் இதைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனதில் 1988-இல் வந்த புரோ/இன்ஜினியர் மென்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று இத்தகைய மென்பொருளில் ஃபிளேஞ்சின் வெளிவட்டம், நடுத்துளை, துளைகளின் மையவட்டம் மூன்றும் ஒரே ஸ்கெட்சில் இருக்கலாம். அதில் ஒரு பகுதியால் உலோகத்தை எழுப்பி, இன்னொரு பகுதியால் வெட்டலாம். ஒரு துளை போதும், மீதி ஏழும் பேட்டர்ன், அதாவது அதன் தொடர்பு அறாத பிரதிகள். இம்பெல்லரில் இது இன்னும் அழகு: கவனம் முழுவதையும் ஒரே வேனின் வளைவில் செலுத்தலாம், ஆறு வேனை ஏழாக்க ஓர் எண்ணை மாற்றினால் ஆயிற்று.

இவ்வளவு வசதி இருந்தும் பலர் ஸ்கெட்சைக் காப்பி செய்து ஒட்டுகிறார்கள். அது டிரேசிங் தாளேதான். வேறு சிலர் ஃபில்லெட்டின், அதாவது உருட்டிய மூலையின், விளிம்பைப் பிடித்து அடுத்த ஸ்கெட்சை வரைகிறார்கள். ஃபில்லெட்டை நீக்கியதும் அதைச் சார்ந்த ஃபீச்சர்கள் பிழை காட்டி வரிசையாகச் சிவக்கின்றன. அடிப்படைத் தளங்களையும் அச்சையும் பிடித்து வரைந்து, ஃபில்லெட்டைக் கடைசியில் போடுவதே நல்லது.

எதை இணைக்கக் கூடாது என்பதுதான் கடினமான கேள்வி. ஃபிளேஞ்சும் அதோடு பொருந்தும் குழாய் முகமும் ஒரே ஸ்கெட்சைப் பகிரட்டும். ஒன்று மாறினால் மற்றதும் மாறியே தீர வேண்டும். பேரிங் மூடியிலும் 18 மி.மீ. துளையே இருக்கலாம். ஆனால் அதன் அளவு வேறு காரணத்தால் வந்தது. அதற்குத் தனி ஸ்கெட்ச் வேண்டும்.