டாக்டருக்குத் துணை நிற்கும் படிப்பு

பெற்றோர்களே! நம் உறவினர் சிலர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செய்த செயற்கைச் சிறுநீரகமே அந்த இயந்திரத்திற்கு முன்னோடி. இத்தகைய கருவிகளை உருவாக்கவும் பழுதின்றிக் காக்கவும் கற்றுத்தருவதே உயிர்மருத்துவப் பொறியியல்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இது நான்காண்டுப் படிப்பு. இயந்திரவியல், மின்னணுவியல் ஆகியவற்றோடு மனித உடலமைப்பும் கற்பிக்கிறார்கள். படித்து முடித்தவர் மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கலாம். பினாங்கில் மருத்துவக் கருவி செய்யும் ஆலைகளில் சேரலாம். செயற்கைக் கை கால்களை வடிவமைக்கலாம். 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டப்படி கருவிகளைப் பதிவு செய்யவேண்டும். அந்த வேலைக்கும் ஆள் தேவை.

இந்த வாசல் அடைபடுவது பல்கலைக்கழகத்தில் அல்ல, படிவம் நான்கில்தான். "கூடுதல் கணிதம் கடினம்" என்று பிள்ளை அதை விட்டுவிட்டால், எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை 'ஏ' வாங்கினாலும் வழி குறுகிவிடும். பௌதிகமும் இரசாயனமும் அவ்வாறே. ஆகவே, பாடத் தேர்வுத் தாளில் கையெழுத்திடுமுன் பள்ளிக்குச் சென்று ஆசிரியரைக் கேளுங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. பணத்திற்கு பி.டி.பி.டி.என். கடனுதவி உண்டு, படிப்பு முடிந்தபின் திருப்பிக் கட்டலாம். கைவிட்ட பாடத்தைத் திரும்பப் பெறுவதுதான் அரிது.