மணம் தேடி – 9: சோளகக் காற்றில் அன்னாசி வாசம்

தோடம்பழம், எலுமிச்சை, பெர்கமோட் ஆகியவற்றின் தோலை அழுத்தினாலே வாசனை எண்ணெய் கசியும். மாம்பழமும் அன்னாசியும் பீச்சும் அப்படி எதையும் தருவதில்லை. பிழிந்தால் சாறுதான் வரும். அவற்றின் மணம் சென்டுக்குள் வரவேண்டுமானால், அதை ஒருவர் மூலக்கூறு மூலக்கூறாகச் சேர்த்து உருவாக்க வேண்டும். 1919இல் ஜாக் கெர்லேன் ‘மிட்சுகோ’வில் பீச் மணத்தைக் கொண்டுவந்தது, காமா அண்டெகலாக்டோன் என்ற செயற்கைப் பொருளின் உதவியால்தான். 2005இல் ஜான்-குளோட் எலெனா எர்மெஸ் நிறுவனத்துக்காகச் செய்த சென்டில் மாங்காய் மணக்கிறது. எகிப்தின் அஸ்வானில் முகர்ந்த மணத்தை அவர் தம் கைப்பக்குவத்தால் மீட்டெடுத்தார்.

தனி ரசனைக்கான ‘நிஷ்’ சென்டுகளில் பேர்பெற்றது, கிரீட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட ‘அவென்டஸ்’. முதலில் அன்னாசியும் பெர்கமோட்டும் எழும். பிறகு பிர்ச் மரத்தின் புகைவாசம். கடைசிவரை நிற்பது கஸ்தூரி மணம். இப்படி ஒன்றை மன்னார்த் தீவில் பூசினால் எப்படி இருக்கும்?

மன்னார் வெயிலும் மணலும் காற்றும் சேர்ந்த இடம். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் விடாமல் வீசும். அதை நம்பித்தான் 103.5 மெகாவாட் காற்றாலைத் திட்டமான ‘தம்பபவனி’ இத்தீவின் கரையில் நிறுவப்பட்டது. பழ மணங்களில் பெரும்பாலானவை எடை குறைந்த மூலக்கூறுகள். சூடான தோலில் அவை வேகமாக ஆவியாகும், மிச்சத்தைக் காற்று கொண்டுபோகும். குளிரூட்டிய கடையில் நெடுநேரம் மணத்த அன்னாசி, தலைமன்னார் இறங்குதுறையில் சீக்கிரமே விடைபெற்றுவிடும். பீச் மணம் தரும் லாக்டோன்கள் கனமானவை, ஆகவே சற்றுத் தாக்குப்பிடிக்கும். புகையும் கஸ்தூரியும் மரவாசமும் இன்னும் நீடிக்கும். அதனால் வெயிலூரில் பழ சென்ட் வாங்குபவர்கள் முதல் முகர்வில் முடிவெடுக்கக் கூடாது. கையில் பூசிக்கொண்டு வெளியே நடந்துவிட்டு, பழம் போனபின் எஞ்சும் மணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க நம்மோடு இருக்கப்போவது அதுதான்.

பூசும் இடமும் முக்கியம். பெர்கமோட் எண்ணெயில் இயல்பாகவே உள்ள பெர்காப்டென், வெயில் பட்டால் தோலில் கருந்திட்டுகளை உண்டாக்கக்கூடியது. இன்றைய தயாரிப்புகளில் அதைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள். ஆனாலும் வெயில் படும் கழுத்தைத் தவிர்த்து, சட்டைக்குள் நெஞ்சில் பூசுவது நல்லது. பருத்தித் துணியில் தெளித்தால் மணம் இன்னும் மெதுவாக விடுபடும்.

எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற முஸ்லிம் ஊர்களில் ஜும்ஆவுக்குப் புறப்படுகிறவர் அத்தரைத் துளியாகத் தொட்டுப் பூசிக்கொள்வதில் இந்தக் காலநிலைக்கேற்ற அறிவு இருக்கிறது. அதில் மதுசாரம் இல்லை, எண்ணெய்தான். மணம் தோலோடு ஒட்டிக் கிடக்கும், பக்கத்தில் தொழுபவரின் மூக்கை உறுத்தாது.

என் ஆசை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மன்னாரின் பழ மணம் பனம்பழம். பழுத்து விழுந்ததைத் தணலில் சுட்டுக் களி பிழியும்போது எழும் வாசத்தில் தித்திப்பும் கைப்பும் புகையும் ஒன்றாய்க் கலந்திருக்கும். பழத்தின் கீழே புகை என்ற அவென்டஸின் அமைப்பு, பனங்காய்ப் பணியாரத்துக்குக் களி எடுக்கும் எங்கள் முற்றங்களில் எப்போதும் இருந்ததுதான். அஸ்வான் மாங்காயைத் தேடிப்போன கலைக்கு இந்தப் பழமும் தகுதியானது. அதைச் சந்தன எண்ணெய் மீது நிறுத்தினால் சோளகத்துக்கும் ஈடுகொடுக்கும். நம் பிள்ளைகளில் ஒருவர் வேதியியல் படித்து அதைச் செய்ய வேண்டும்.

அடுத்த வாரம்: மண்ணும் மலரும் சந்தன எண்ணெயில் இறங்கும் கன்னோஜ் நகரம்.