அலைக்கு முன்னே வர வேண்டிய செய்தி

சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்புறம் கடலை ஒட்டிச் செல்லும் சாலையில் காலைநடை செல்வது என் வழக்கம். அண்மையில் அங்கே வலையைச் சீர்செய்துகொண்டிருந்த மீனவர் ஒருவரிடம், “நாளைக்குக் கடலுக்குப் போவீங்களாண்ணே?” என்று கேட்டேன். அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். மறுநாளைய அலை உயரமும் காற்றின் வேகமும் அதில் இருந்தன. “இதையும் பாப்போம் சார், விடியக்காலைல காத்தையும் பாப்போம். ரெண்டும் ஒத்துவந்தா போட்டை எடுப்போம்” என்றார்.

அந்த இரண்டு எண்களும் அவர் கைக்கு வந்த பாதை மிக நீளமானது. கடல்நிலை முன்கணிப்பை மீனவர்களுக்கு வழங்குவது, ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக ‘இன்காய்ஸ்’. இத்தகைய கணிப்புகளுக்கு அடிப்படை அளவீடுகள். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கிறது. இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கி 2013 பிப்ரவரி 25 அன்று ஏவிய ‘சரல்’ செயற்கைக்கோள், கடல்மட்டத்தின் உயரத்தை விண்ணிலிருந்து அளந்தது. ‘ஆர்கோ’ என்னும் பன்னாட்டுத் திட்டத்தின் ஏறத்தாழ 4,000 மிதவைகள் உலகக் கடல்களில் 2,000 மீட்டர் ஆழம்வரை மூழ்கி எழுந்து வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் பதிவுசெய்கின்றன. அவற்றின் அளவீடுகளை எந்த நாட்டவரும் இணையத்திலிருந்து கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். கடலைத் தனியாக அளந்து முடிக்க எந்த ஒரு நாட்டாலும் இயலாது என்பதே இந்தப் பகிர்வின் காரணம்.

இந்தப் பகிர்வு இல்லாத நாளையும் சாந்தோம் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆனால், அது பசிபிக் கரையோர நாடுகளுக்கானது. அதிர்வின் உண்மையான வலிமையும் அப்போது கணிக்கப்பட்டிருக்கவில்லை. இந்தியப் பெருங்கடலில் அலையை உடனுக்குடன் அளந்து சொல்லும் கருவிகளும் இல்லை, சொன்னாலும் அதைப் பெற்றுக் கரைக்கு அனுப்பும் ஏற்பாடும் இல்லை. சென்னைக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அதற்கு முன்பே கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளம் நீரில் மூழ்கியிருந்தது. இவ்வளவு நேரம் இருந்தும், சீனிவாசபுரத்திலும் நொச்சிக்குப்பத்திலும் இருந்தவர்களுக்கு அலைதான் முதல் செய்தியாக வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்.

ஐரோப்பா கற்ற பாடம்

சுற்றுச்சூழல் தரவைப் பகிர்வதில் இன்று முன்மாதிரியாகச் சொல்லப்படும் ஐரோப்பாவும் அடிபட்டே கற்றது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. அந்தச் செய்தியை மேற்கு ஐரோப்பா அறிந்தது, இரண்டு நாள் கழித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிரியக்க எச்சரிக்கை ஒலித்தபோதுதான். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு அருகே ரசாயனக் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு கலந்த நஞ்சு ரைன் நதியில் இறங்கி, ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து என எல்லைகளைக் கடந்து ஓடியது. நதிக்கும் காற்றுக்கும் எல்லை இல்லாதபோது, அவற்றைப் பற்றிய தகவலுக்கு மட்டும் எல்லை வைப்பது அறிவீனம் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்த ஆண்டே, கதிரியக்க விபத்து நேர்ந்தால் உடனே பிற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் விதி வந்தது. கோபன்ஹேகனில் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 1994இல் இயங்கத் தொடங்கியது. சுற்றுச்சூழல் தகவலைப் பெறுவது குடிமக்களின் உரிமை என்று கூறும் ஆர்ஹூஸ் உடன்படிக்கை 1998இல் கையெழுத்தானது. நாடுகளின் நிலவியல் தரவுகள் ஒன்றோடொன்று பொருந்தும் வடிவில் இருக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது.

இந்த அமைப்பின் நுட்பம் எளியது. எல்லாத் தரவையும் ஒரே கிடங்கில் கொண்டுவந்து கொட்டுவதில்லை. அளந்த நாடே அதைத் தன்னிடம் வைத்துப் பராமரிக்கும். ஆனால், பெயர், அலகு, வடிவம் ஆகியவை பொதுவாக இருப்பதால், ஒருவரின் தரவை இன்னொருவரின் கணினி படித்துக்கொள்ளும். ஒருமுறை சேகரித்ததைப் பலரும் பல தேவைகளுக்குப் பயன்படுத்தலாம். அதனால்தான் லிஸ்பனின் காற்றையும் வார்சாவின் காற்றையும் ஒரே வரைபடத்தில் ஒப்பிட முடிகிறது. தாமதமாகத் தரும் நாடுகள் அங்கும் உண்டு. எனினும், 2008இல் அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கைகளில் ஒன்று என்னைக் கவர்ந்தது: தகவல், மக்களுக்கு அவரவர் நாட்டு மொழியில் கிடைக்க வேண்டும்.

நாம் செய்ததும் செய்யாததும்

நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. சுற்றுச்சூழல் தகவல் அமைப்பு ஒன்றை இந்தியா 1982லேயே தொடங்கிவிட்டது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. சுனாமிக்குப் பிறகு 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது. 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியாவுடன் சேர்ந்து இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் அது தகவல் தருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் மீண்டும் கடலடி அதிர்ந்தபோது, எச்சரிக்கைச் செய்தி சில நிமிடங்களில் வெளியானது. சென்னைக் கடற்கரையிலிருந்து மக்கள் விலக்கப்பட்டனர்.

ஆக, கடல் கடந்து பகிர்ந்துகொள்ளக் கற்றுவிட்டோம். கரையில் இருப்பவரிடம் சேர்ப்பதில்தான் இன்னும் தடுமாறுகிறோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசித் தொடர்பு கரையிலிருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் கிடைப்பதில்லை. செயற்கைக்கோள் வழியே படகுக்குச் செய்தி அனுப்பும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது 2019 அக்டோபரில். அத்தனை உயிர்களை இழந்த பிறகு.

அதே 2017இன் ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கடலில் மாசு ஏதுமில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிறகு கறுப்புப் படலம் மெரினாவையும் தாண்டித் தெற்கே வந்தது. எவ்வளவு கசிந்தது, எந்தப் பகுதி மீனை உண்ணலாம் என்பதை உரிய நேரத்தில் எடுத்துச்சொல்ல நம்பகமான அறிவிப்பு இல்லாததால், சென்னை முழுவதும் மீன் விற்பனை சரிந்தது. தகவலை உடனுக்குடன் வெளியிட்டால் பீதி பரவும் என்று அதிகாரிகள் அஞ்சுவதுண்டு. அன்று பீதியைப் பரப்பியது தகவலின்மைதான். அதன் விலையைக் கொடுத்தவர்கள் கூடையோடு கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள்.

மொழியும் ஒரு தடை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020இல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியானது. அதை எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

நல்லவாடு சொல்லும் வழி

கடைசி எட்டை எப்படி எடுத்துவைப்பது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. புதுச்சேரிக் கடலோரக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களை அமைத்திருந்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே தினமும் அறிவித்தார்கள். சுனாமி நாளில், சிங்கப்பூரிலிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். ஊரார் அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகள் சேதமடைந்தன, உயிர்கள் தப்பின. பல்லாயிரம் கோடி ரூபாய்க் கருவிகள் இல்லாமலே, ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு கூம்பு ஒலிபெருக்கியும் ஊரைக் காத்தன.

இதிலிருந்து நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, காற்றையோ நீரையோ அரசுப் பணத்தில் அளக்கும் எந்த அலுவலகமும், அளந்த இடம், நேரம், முறை ஆகியவற்றோடு அதை உடனே வெளியிடுவது கடமையாக்கப்பட வேண்டும். கணினி படிக்க முடியாத படக்கோப்பாகப் பதிவேற்றிவிட்டுப் பகிர்ந்துவிட்டதாகக் கணக்குக் காட்டக் கூடாது. இரண்டாவது, துறைகளின் தரவுகள் பொதுவான வடிவில் இருக்க வேண்டும். ஏரியைத் திறப்பவரின் கணக்கும் மழையை அளப்பவரின் கணக்கும் முகத்துவாரத்தைக் கவனிப்பவரின் கணக்கும் ஒரே திரையில் வராவிட்டால், அடையாற்றின் வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்ல இயலாது. மூன்றாவது, அந்தத் தகவல் தமிழில், மீனவக் குப்பத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் வந்து முடிய வேண்டும்.

அன்று பேச்சை முடிக்கும்போது அந்த மீனவரிடம், “ஆத்து முகத்துவாரத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு இந்தப் போன்ல வருமாண்ணே?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அது எதுக்கு சார்? மீன் செத்து மெதந்தா நாங்களே தெரிஞ்சுக்குவோம்” என்றார்.

அவர் சிரித்தாலும் என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த நீரை அளக்கக்கூடிய ஆய்வு நிறுவனங்கள் இதே நகரில்தான் இருக்கின்றன. மீன் செத்து மிதப்பதற்கு முன்பே அந்தச் செய்தி அவர் கைக்கு வந்திருக்க வேண்டும்.