சர்க்கரை நோயில் கொழுப்பு எங்கே சிக்குகிறது?

இன்சுலின் சுத்தமாகத் தீர்ந்துபோன ஒரு சர்க்கரை நோயாளியின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்தால், மேலே தெளியும் நீர் சில சமயம் பால்போல் வெளுத்திருக்கும். அந்த வெள்ளை, கொழுப்பு. சர்க்கரை நோயில் கொழுப்பு தேங்குவதேன்? விடையில் ஒரு பங்கு தசையில் இருக்கிறது.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. எனவே புரதம் பதித்த உறைக்குள் அடைத்து, லிப்போபுரதத் துகள்களாக ரத்தத்தில் விடுகிறது உடல். சாப்பாட்டுக் கொழுப்பைக் குடல் கைலோமைக்ரானாக அனுப்பும், கல்லீரல் வி.எல்.டி.எல். துகள்களை அனுப்பும். இவற்றில் உள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அப்படியே தசைக்குள் புக முடியாது. தசையின் தந்துகிச் சுவரில் ஒட்டியிருக்கும் லிப்போபுரத லைப்பேஸ் என்ற நொதி அதை வெட்டிக் கொழுப்பு அமிலமாக்கினால்தான் உள்ளே போகும். 1943-இல் பால் ஹான் என்ற ஆய்வாளர், கொழுப்பால் கலங்கியிருந்த நாய்களின் ரத்தம், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைச் செலுத்தியதும் தெளிவதைக் கண்டார். சுவரில் இருந்த இந்த நொதியை ஹெப்பாரின் கழற்றி ரத்தத்தில் விட்டிருக்கிறது என்பது பிறகு விளங்கியது.

இன்சுலின் அறவே இல்லாவிட்டால் இந்த நொதி குன்றுகிறது, ரத்தம் பாலாகிறது. முறையாக இன்சுலின் கொடுத்தால் தெளிந்துவிடும். நம்மிடையே அதிகம் உள்ள இரண்டாம் வகையில் கதை இன்னும் சிக்கல். இன்சுலின் இருந்தும் கல்லீரல் அதன் பேச்சைக் கேட்பதில்லை, வி.எல்.டி.எல்.லை அளவில்லாமல் அனுப்புகிறது. போதாக்குறைக்கு, நொதியைத் தடுக்கும் அப்போ சி-3 என்ற புரதமும் கூடுகிறது. வரத்து அதிகம், வெட்டுவது மந்தம். துகள்கள் கரையும்போது உதிரும் உறைத் துணுக்குகள், நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல்.லில் சேர வேண்டியவை. அந்த வரவும் குறைகிறது. டிரைகிளிசரைடு ஏறி ஹெச்.டி.எல். இறங்குவது ஒன்றாகவே நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே இப்படித் தேங்கும்போதே தசைக்குள்ளும் கொழுப்பு சேர்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து கட்டுப்பாடின்றிக் கசியும் அமிலங்கள் அங்கே போய்த் தங்குகின்றன. தசையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு இந்தச் சேர்க்கைமீதுதான் பழி விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், நெடுந்தூர ஓட்டக்காரர்களின் தசையிலும் கொழுப்பு நிறைய உண்டு. அவர்களுக்கு இன்சுலின் நன்றாகவே வேலை செய்கிறது. அவர்கள் அதை எரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே, சேர்ந்த அளவை மட்டும் பார்த்துக் குற்றம் சொல்வது சரியில்லை என்பேன்.

உழைக்கும் தசையில் லிப்போபுரத லைப்பேஸ் கூடுகிறது. அந்த ஏற்றம் உடற்பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும் நிற்கும், ஆனால் நாள்கணக்கில் நிற்காது. வாரம் ஒருநாள் வியர்க்க ஓடுவதைவிடத் தினமும் நடப்பது மேல். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை அளவோடு நிறுத்திவிடாமல் டிரைகிளிசரைடையும் பாருங்கள். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.