தலைப்பு வேறு, கருதுகோள் வேறு: கிள்ளான் வேலைநிறுத்தத்தை வைத்து ஒரு பயிற்சி

வரலாற்று ஆய்வுக்கு என்ன எடுத்திருக்கீங்க என்று கேட்டால், "1941 கிள்ளான் வேலைநிறுத்தம், டீச்சர்" என்பார் மாணவர். அதைப் பற்றி என்ன சொல்லப் போறீங்க என்றால் பதில் வராது. காரணம், அவர் கையில் இருப்பது தலைப்பு மட்டும்தான். கருதுகோள் என்பது ஒரு கேள்விக்கு நாம் சொல்லும் பதில். சான்று கிடைத்தால் நிற்க வேண்டும். எதிர்ச்சான்று வந்தால் விழவும் வேண்டும்.

முதலில் கேள்வி

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னால் திரண்ட தோட்டத் தொழிலாளர்கள், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். அதோடு கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்தச் சொன்னார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழ வேண்டும்: கூலிக்காக மட்டுமா போராடினார்கள்?

இப்போது கருதுகோள்: "கிள்ளான் வேலைநிறுத்தம் கூலியோடு தன்மானத்துக்காகவும் நடந்த போராட்டம்."

எதிர்க்கருத்தையும் தேடுங்கள்

சங்கத் தலைவர் ஆர்.எச். நாதன் மே 5 அன்று கைதானார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

நம் கருதுகோளுக்கு இது நல்ல சான்று என்று தோன்றும். ஆனால் வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள் என்று சொன்ன காலனி அதிகாரிகளுக்கும் இதே நிகழ்ச்சிதான் சான்று! இரண்டில் எது பொருந்துகிறது, ஏன் என்று வாதிடும் இடத்தில்தான் ஆய்வு தொடங்குகிறது.

சான்றுகள் எங்கே?

1. நாளிதழ்கள்: சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். 1941 மார்ச் முதல் மே வரை என்று காலத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள். செய்தி யார் பக்கம் நின்று பேசுகிறது என்று பாருங்கள். தமிழ் இதழுக்கும் இதே விதிதான். நாதனே 'தமிழ் நேச'னில் துணையாசிரியராக இருந்தவர்.

2. அரசு ஆவணங்கள்: கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். கோப்பின் எண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

3. வாய்மொழி: 1941-ஐ நேரில் கண்டவர்கள் இன்று மிக அரிது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சொல்வது கேள்விப்பட்ட செய்தி, அப்படியே குறிப்பிடுங்கள். "தாத்தாவை அடிச்சாங்களா?" என்று பதிலை நாமே ஊட்டக்கூடாது. "தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்வாங்க?" என்று கேளுங்கள். அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள்.

ஆசிரியர்களே, மாணவரின் கருதுகோள் சான்றுகளால் மாறினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அவர் உண்மையாகவே தேடியிருக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம்.

மாணவர்களே, கிள்ளானைச் சுற்றிப் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வாழ்க்கையைச் சொல்லக்கூடியவர்களும் குறைந்து வருகிறார்கள். நூலகம் நாளைக்கும் திறந்திருக்கும். முதலில் பாட்டியிடம் போய் உட்காருங்கள்.