கேம்பர் வேனுக்கு சைடு ஸ்டெப்: ஏறவும் வேண்டும், பாறையில் இடிக்கவும் கூடாது... எப்படித் தேர்வு செய்வது?

வேனை கேம்பராக மாற்றுபவர்கள் படுக்கை, சோலார் பேனல், அடுப்பு, தண்ணீர் டேங்க் என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். கதவுக்குக் கீழே மாட்டும் படியை மட்டும் கடைசி நாளில் கடைக்காரர் கையில் விட்டுவிடுவார்கள்.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி. அவர் ஏறுவதற்காகவே தாழ்வாக ஒரு படி வைக்கச் சொன்னார்கள். "ஏனுங்க, எஸ்டேட் பக்கம் போறப்ப கீழ தட்டாதுங்களா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, கெட்டியான பைப்புங்க" என்று பதில் வந்தது.

பைப் கெட்டிதான். முதல் பயணத்திலேயே மண்ரோட்டில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தது. பைப் வளையவில்லை. அதைப் பிடித்திருந்த கதவுக்குக் கீழுள்ள தகடுதான் மேல்நோக்கி மடங்கியது. இடது பக்கக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. யாருக்காகப் படி வைத்தார்களோ, அந்த அம்மா டிரைவர் பக்கமாக ஏறி இறங்கித்தான் ஊர் திரும்பினார்.

படி வேறு, ஸ்லைடர் வேறு

கடையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கறுப்பு பெயின்ட் அடித்த பைப், நாலு பிராக்கெட். ஆனால் வேலை வேறு. சைடு ஸ்டெப் ஓர் ஆளின் எடையைத் தாங்கினால் போதும். ராக் ஸ்லைடர் எனப்படுவது வண்டியே பாறைமேல் இறங்கினாலும் அந்த எடையைத் தாங்கி, பாடியைக் காப்பாற்ற வேண்டியது. படியை ஸ்லைடர் என்று நம்பி வாங்குவதுதான் இதில் பெரிய ஏமாற்றம்.

எனவே கடைக்காரரிடம் பைப் எத்தனை மி.மீ. கனம் என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, "பிராக்கெட் எதைப் பிடிக்குது?" என்பதுதான். ஃபோர்ஸ் கூர்க்கா மாதிரி தனி சேஸிஸ் உள்ள வண்டியில், சேஸிஸ் சட்டத்திலிருந்து பிராக்கெட் நீண்டு வர வேண்டும். அர்பேனியா, மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் போன்ற மோனோகாக் வேன்களில் தனி சட்டமே கிடையாது. அங்கே கம்பெனி விட்டிருக்கும் கெட்டியான இடங்களில் மட்டுமே பிடிக்கலாம். கதவுக்குக் கீழே மெல்லிய தகட்டில் நாலு போல்ட் போட்டால், ஆள் ஏறும்போது தாங்கும். பாறை ஏறும்போது தாங்காது.

ஆள் ஏறுவதும் சாதாரணமில்லை. 80 கிலோ ஆள் மெதுவாக நின்றால்தான் 80 கிலோ. மேலிருந்து தொப்பென்று இறங்கினால் விசை பல மடங்காகும். படியின் விளிம்பு வெளியே எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவுக்கு நெம்புகோல் மாதிரி பிராக்கெட்டைத் திருகும். அகலமான படி வசதியானது. அதற்கு ஏற்ற பிராக்கெட் வேண்டும்.

எவ்வளவு உயரத்தில்?

வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் பொதுவாக 15 முதல் 18 செ.மீ. நம் கால் பழகியிருப்பது அதற்குத்தான். கோவைக் குடும்பத்தின் வேனில் தரையிலிருந்து உள்தளம் 64 செ.மீ. அவர்கள் மாட்டிய படியின் மேல்பக்கம் 22 செ.மீ. உயரத்தில் இருந்தது. முதல் அடி சுலபம். அடுத்த அடி 42 செ.மீ! மூட்டுவலி உள்ளவருக்கு அது சுவர் ஏறுகிற மாதிரி. பாறையில் தட்டாமல் இருந்திருந்தாலும் அந்தப் படி தப்பான படிதான்.

படியின் அடிப்பக்கம் தரையிலிருந்து 14 செ.மீ.தான் இருந்தது. மலைப்பாதையில் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி சாயும். சுமார் 2 மீட்டர் அகலமுள்ள வேன் வெறும் 5 டிகிரி சாய்ந்தாலே, அந்தப் பக்க விளிம்பு நடுப்பகுதியை விடக் கிட்டத்தட்ட 9 செ.மீ. கீழே போய்விடும். 14-ல் 9 போனால் மிச்சம் 5. தேங்காய் மூடி அளவு கல் போதும்.

2024-ல் வந்த கூர்க்காவுக்கு கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 233 மி.மீ. அதற்காகக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, 140-ல் ஒரு பைப்பைத் தொங்கவிட்டால் என்ன அர்த்தம்?

இன்னொன்று, காலி வண்டியில் அளக்காதீர்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. பேட்டரி, சிலிண்டர், ஆட்கள் எல்லாம் ஏறியதும் ஸ்பிரிங் சில செ.மீ. இறங்கும். முழுச் சுமையோடு டேப் வையுங்கள்.

வாங்கிய படியை எப்படி மாற்றலாம்?

முழு நீளத்துக்கும் படி தேவையில்லை. ஏறும் கதவுக்கு நேராக மட்டும் போதும். நீளம் குறைந்தால் தட்டும் இடமும் குறையும். பிராக்கெட்டை உயர்த்தி, படியைப் பாடியோடு ஒட்டி மேலே கொண்டுவரலாம். ஆனால் தள்ளும் கதவாக இருந்தால் அது ஓடும் கீழ் ரெயிலை மறைக்கக் கூடாது. தகட்டின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகளையும் அடைக்கக் கூடாது. அடைத்தால் இரண்டு மழைக்காலத்தில் உள்ளேயிருந்து துரு பிடிக்கும். வெளியே தெரியும்போது தகடே போயிருக்கும்.

மேல்பரப்புக்கு செக்கர்டு பிளேட்தான் எல்லோரும் போடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். சேறும் மழையும் சேர்ந்தால் வழுக்கும். விளிம்பு மேல்நோக்கி நிற்கும்படி ஓட்டை பஞ்ச் செய்த தகடு மேல். செருப்பைப் பிடிக்கும், சேறு ஓட்டை வழியே கீழே விழும்.

சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் இரும்பின் பலம் குறையும். ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போடுவதே நல்லது. பிராக்கெட்டில் மட்டும் வெல்டிங் என்றாலும், கழற்றிக் கீழே வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வண்டியில் வைத்துச் செய்தே ஆக வேண்டும் என்றால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இ.சி.யு. போய்விடலாம். துளை போடும் இடத்துக்குப் பின்னால் டீசல் பைப், பிரேக் லைன், ஒயரிங் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் டிரில்லைத் தொட வேண்டும். முதல் சில நூறு கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள்.

கதவைத் திறந்ததும் தானாக வெளியே வரும் மின்சாரப் படியும் கிடைக்கிறது. நெடுஞ்சாலை கேம்பருக்கு அருமை. சேறு, ஓடை, கல் உள்ள பாதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியே நீண்ட நிலையில் சேறு அடைத்து மாட்டிக்கொண்டால், வண்டியைக் கிளப்பவே முடியாது. கட்டாயம் வேண்டும் என்றால், கையால் உள்ளே தள்ளும் வசதி உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்லும்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வேனை கேம்பராக மாற்றுவதற்கே ஒப்புதல் தேவை. அப்போதே படியையும் வரைபடத்தில் சேர்த்துக் காட்டிவிடுங்கள். கம்பெனியே அந்த மாடலுக்கு விற்கும் படி என்றால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். பாடியை விட வெளியே துருத்தாமல் இருப்பதும் முக்கியம். போலீஸ் பிரச்சினை ஒருபுறம், பக்கத்தில் போகிற பைக்காரரின் கால் இன்னொருபுறம்.

கோவைக் குடும்பம் தகட்டை நிமிர்த்திய பிறகு, பழைய படியையே பாதியாக வெட்டி, புது பிராக்கெட்டில் உயர்த்தி மாட்டினார்கள். இப்போது அடிப்பக்கம் 29 செ.மீ., மேல்பக்கம் 36. வண்டி 5 டிகிரி சாய்ந்தாலும் சுமார் 20 செ.மீ. மிச்சம். தரையிலிருந்து 36 அம்மாவுக்கு அதிகம் என்பதால், 18 செ.மீ. உயரத்தில் அகலமான அலுமினிய ஸ்டூல் ஒன்றைக் கதவுக்குள்ளேயே பெல்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். வண்டி நின்றதும் முதலில் இறங்குவது அந்த ஸ்டூல்தான். கதவோரம் ஒரு கைப்பிடியும் மாட்டியாகிவிட்டது. அதை மாட்டச் சொன்னது அம்மாவேதான்.